கீழேயிருந்து

பதினாறுக்குப் பதினாறு புள்ளி,
அவ்வளவுதான் ஒரு பெட்டி.
மூன்றாம் லெவலில் நாற்பத்தோரு பெட்டிகள்.
எதற்குள் எது என்று எழுதுவது என் வேலை.
டண்டீயில், பழைய சணல் ஆலையின் இரண்டாம் மாடி.
சன்னலுக்கு வெளியே டே ஆறு,
அதன்மேல் மழை,
மழைக்கு மேல் இன்னொரு மழை.

"பெட்டிக்குள் சாமான் வைக்கிற வேலையா?
பெட்டிக்கடையா வைத்திருக்கிறாய்?"
போனில் சித்தப்பா சிரிக்கிறார்.
ஆமாம் என்றேன். கடன் கிடையாது என்றேன்.

கொடுக்கிற தெய்வம்
கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம்.
இங்கே தெய்வத்திடம் எக்செல் இருக்கிறது.
கூரையைத் தொடுவதில்லை.
வாங்க வருகிறவன்தான் எகிறிக் குதித்து
உச்சந்தலையால் முட்டிக்கொள்ள வேண்டும்.
தலையெழுத்தை நான் அட்டவணையில் எழுதுகிறேன்.

ஏழில் காசு.
பன்னிரண்டில் இறகு, ஒன்பது விநாடி பறக்கலாம்.
இருபதில் ஒரு பேரிக்காய்.
வெளியே வந்ததும் வலப்பக்கம் உருண்டு
பள்ளத்தில் விழும். துரத்தாதவனுக்குக் கிடைக்காது.
வேண்டுமென்றேதான் அப்படி வைத்தேன்.
முப்பத்தொன்று கண்ணுக்கே தெரியாது.
வெறுங்காற்றில் குதிக்கிற கிறுக்கனுக்கு மட்டும்
ஓர் உயிர் கூடுதல்.

முட்டி முடித்த பெட்டி மஞ்சளை இழந்து
ஆறிப்போன டீயின் நிறமாகும்.
"காலி என்று தெரிந்த பிறகும்
இன்னொரு முறை முட்டிப் பார்ப்பார்கள்,
அதற்கொரு சத்தம் வை" என்றான் ஃபெர்கஸ்.
வைத்தேன்.
என் மேசையில் விரலை மடக்கித் தட்டிப் பதிவுசெய்தது:
டொக்.

ஹில்டவுனில் என் வீடு. எனக்கு மேலே யாரோ.
இரவு ஒன்றரைக்கு
தட். இழுவை.
தட். இழுவை.
தினமும் பீரோவை எங்கேதான் நகர்த்துகிறார்கள்?

விடிந்தால் லெவலைக் காட்டவேண்டிய ஒரு வியாழன்.
துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து
கட்டில்மேல் ஏறி நின்று
கூரையில் இடித்தேன், மூன்று முறை.
சுண்ணாம்பு உதிர்ந்து கண்ணில் விழுந்தது.
கொடுத்தது தெய்வம்.

சத்தம் நின்றது.
மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும்.
நான் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

திங்களன்று குப்பைத்தொட்டி அருகே
கீழ்வீட்டு ஷோனா சொன்னாள்:
மேலே பஸ் ஓட்டுகிற கெடெஸ்,
தொடையில் ஆணி வைத்து ஆறு வாரம்.
பகலெல்லாம் மாத்திரை மயக்கம்,
ராத்திரியில்தான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு
அடுப்படியிலிருந்து சன்னல்வரை
நடந்து பழகுகிறார்.

சீட்டெழுதினேன், கிழித்தேன்.
படியேறினேன், பாதியில் இறங்கினேன்.
ஆங்கிலத்தில் மன்னிப்பு மிகச் சுலபமாய் வரும்,
அதனாலேயே கேட்க வாய் வரவில்லை.

அன்று ஒன்றரைக்கு
மறுபடி கட்டில், மறுபடி துடைப்பக்கட்டை.
மெதுவாக, ஒரே ஒரு முறை.
டொக்.

ஒன்றுமில்லை.
ஃபிரிட்ஜ் முனகி அடங்கியது.
மேட்டில் ஒரு டாக்சி கியர் மாற்றிப் போயிற்று.
கட்டையைக் கீழே சாய்த்த பிறகு
மேலேயிருந்து
டொக்.

கொஞ்ச நேரம் கழித்து, தட். இழுவை.

நாற்பத்திரண்டாவதாக ஒரு பெட்டி சேர்த்திருக்கிறேன்.
லெவலின் ஓரத்தில்,
முள்ளோ பள்ளமோ இல்லாத இடத்தில்.
உள்ளே எதுவும் கிடையாது, நிறமும் மாறாது.
முட்டினால் டொக்.
ஒரு விநாடி விட்டு, திரைக்கு வெளியே மேலேயிருந்து
இன்னொன்று.

சோதித்துப் பார்க்கும் இஷ்பெல்
பிழை என்று குறித்து அனுப்பினாள்:
"42 காலி. பரிசு வைக்க மறந்திருக்கிறீர்கள்."
அவள் ஆடிய பதிவைத் திறந்தேன்.
பதினேழு முறை முட்டியிருக்கிறாள்.
பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே
நீண்ட இடைவெளி,
பொம்மை அசையாமல் நிற்கிறது.

ஒரு காசாவது போட்டு வை என்கிறான் ஃபெர்கஸ்.
செவ்வாய்க்கிழமை பார்க்கலாம் என்றிருக்கிறேன்.